வாஞ்சிநாதன்: கொலை செய்த நாயகனை எப்படி எழுதுவது?

சூப்பர் ஹீரோ கொல்லலாமா, கூடாதா? காமிக்ஸ் படிக்கிறவர்கள் கூடும் இடத்தில் இந்தச் சண்டை வராமல் இருக்காது. பேட்மேன் கொல்ல மாட்டார், அது அவருடைய விதி என்று ஒரு கூட்டம் சொல்லும். 1939-ல் அறிமுகமான புதிதில் அவர் கையில் துப்பாக்கி இருந்ததே, வில்லன்கள் செத்தார்களே என்று இன்னொரு கூட்டம் பழைய இதழ்களை எடுத்துக் காட்டும். பதிப்பாளர்கள் பிறகுதான் கொலைக்குத் தடை போட்டார்கள். அதாவது, மாறாத குணம் என்று ரசிகர்கள் நம்புவது பாதியில் எழுதிச் சேர்த்த குணம்! நம்ம ஊர்க் கதையும் அப்படித்தான். 1972-ல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்து மூலக்கதையில் முதலில் குற்றவாளியாக இருந்து பிறகு நல்லவர் ஆனவர்.

கற்பனை ஆள் என்றால் பிரச்சினை இல்லை. பிடிக்காத பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த இதழில் புதிதாக ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த நாயகன் உண்மையாக வாழ்ந்தவர், உண்மையாகவே ஒருவரைச் சுட்டவர், சட்டைப் பையில் காரணத்தை எழுதி வைத்துவிட்டுச் செத்தவர் என்றால்?

குற்றால அருவியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செங்கோட்டையில் அப்படி ஒருவர் சிலையாக நிற்கிறார். பெயர் வாஞ்சிநாதன். சாகும்போது வயது 25.

செங்கோட்டை அப்போது தமிழ்நாட்டில் இல்லை

இன்று செங்கோட்டை, தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டமே 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது. வாஞ்சி பிறந்த 1886-ல் நிலவரம் வேறு. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் ஆட்சியில் திருநெல்வேலி கலெக்டரின் கீழ் இருந்தன. பக்கத்திலேயே இருந்த செங்கோட்டை, திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநில எல்லைகள் மாறியபோதுதான் அது சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

இது வெறும் வரைபடத் தகவல் இல்லை. பிரிட்டிஷ் போலீஸ் தென்காசிக்குள் நேராக நுழையும். செங்கோட்டைக்குள்ளோ புனலூருக்குள்ளோ போக வேண்டும் என்றால் அது வேறு சமஸ்தானம். ரகசியக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட வசதியான எல்லை வேறு எங்கே கிடைக்கும்?

இயற்பெயர் சங்கரன். அப்பா ரகுபதி ஐயர், அம்மா ருக்மணி அம்மாள். உள்ளூரில் பள்ளிப் படிப்பு, பிறகு திருவனந்தபுரத்தில் கல்லூரி. பொன்னம்மாளோடு திருமணம். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை கிடைத்து மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்குப் போனார். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து போட்ட ரயில் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுக்க ஆசைப்படும் அதே பாதைதான். படிப்பு, அரசு வேலை, கல்யாணம் என்று அதுவரை அவர் வாழ்க்கையில் நாயகனுக்கான அறிகுறி எதுவுமே தெரியவில்லை.

அந்த மூன்று மாத லீவு

1908-ல் திருநெல்வேலிச் சீமை கொதித்துக்கொண்டு இருந்தது. வ.உ.சிதம்பரனார் 1906-ல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக தூத்துக்குடி–கொழும்பு இடையே கப்பல் விட்டது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது. மறுநாள் திருநெல்வேலியில் பெரும் கலவரம், துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் பலி. அப்போது கலெக்டர் விஞ்ச். தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து நெருக்கடி கொடுத்தவர் அயர்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் ஆஷ். அந்த ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்பது தனிக்கதை.

தலைவர்கள் சிறைக்குள் போனதும் வெளியில் இருந்த இளைஞர்களில் ஒரு சிலர் வேறு வழி தேடினார்கள். சீர்காழிப் பக்கம் எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் பாரத மாதா சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். தென்காசி, செங்கோட்டை, புனலூர் வட்டாரத்தில் ரகசியக் கூட்டங்கள் நடந்தன. காளி படத்தின் முன்னால் சத்தியம், குங்குமத் தண்ணீரை ரத்தமாகப் பாவித்துக் குடிப்பது என்று சடங்குகளும் உண்டு. சங்கரகிருஷ்ணன் என்பவர் மூலம் 1910-ல் வாஞ்சிக்கு நீலகண்டரின் அறிமுகம் கிடைத்தது.

அதே ஆண்டு இறுதியில் லண்டனிலிருந்து தப்பி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார் வ.வே.சு.ஐயர். பாரிஸ்டர் படிக்கப் போய், சாவர்க்கரோடு இந்தியா ஹவுஸில் பழகியவர். பிரெஞ்சு மண்ணான புதுச்சேரியில் பிரிட்டிஷ் போலீஸால் அவரைத் தொட முடியாது. 1911 ஜனவரியில் வாஞ்சி வனத்துறையில் மூன்று மாதம் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். அங்கே ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்று அரசின் ராஜதுரோகக் கமிட்டி 1918-ல் பதிவு செய்திருக்கிறது.

சூப்பர் ஹீரோ கதைகளில் ஆரம்பக் கதை என்று ஒன்று இருக்கும் இல்லையா? பெற்றோர் கண் முன்னே சாவார்கள், அல்லது ஏதாவது பூச்சி கடிக்கும். வாஞ்சியின் ஆரம்பக் கதை ஒரு லீவு விண்ணப்பம்.

ஜூன் 17, மணியாச்சி

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷ் அப்போது திருநெல்வேலி கலெக்டர். மனைவி மேரியோடு கொடைக்கானலுக்குப் போகிறார், பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் மணியாச்சி ஜங்ஷன். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலைப் பிடிக்க அங்கே காத்திருக்க வேண்டும். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

நன்றாக உடுத்திய ஓர் இளைஞர் பெட்டிக்குள் ஏறினார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். இறங்கி ஓடி, பிளாட்பாரத்தில் இருந்த கழிப்பறைக்குள் நுழைந்து, துப்பாக்கியை வாயில் வைத்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷைத் திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இந்தக் காட்சியை காமிக்ஸ் பக்கத்தில் வரைந்து பார்த்தால் சிக்கல் புரியும். சுடப்பட்டவர் அந்த நேரத்தில் நிராயுதபாணி. எதிரில் மனைவி. நேருக்கு நேர் மோதல் இல்லை, எச்சரிக்கை இல்லை. கையில் துப்பாக்கியோடு ஏறி வருபவரைத்தான் எந்தக் கதாசிரியரும் வில்லனாக வரைவார். அதே நேரம், சுட்டவர் தப்பிக்க நினைத்தவரும் இல்லை. சொந்த லாபம் எதுவும் இல்லை. எடுத்த உயிருக்கு ஈடாகத் தன் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வில்லன் அப்படிச் செய்ய மாட்டான்.

பையில் இருந்த கடிதம்

வாஞ்சியின் உடையில் ஒரு கடிதம் கிடைத்தது. அவரைப் பற்றிய எல்லாச் சண்டையும் கடைசியில் இந்தக் காகிதத்தில் வந்துதான் முட்டுகிறது. அதனால் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் இல்லாதது. வ.உ.சி. பெயர் இல்லை. சுதேசிக் கப்பல் இல்லை. திருநெல்வேலித் துப்பாக்கிச்சூடு இல்லை. இன்னும் ஆச்சரியம், ஆஷ் பெயரே இல்லை! வ.உ.சி.க்காகப் பழிவாங்கினார் என்று பள்ளி மேடையில் ஆண்டுதோறும் பேசுகிறோம். அந்தக் கோபம் அவருக்கு இருந்திருக்காது என்று சொல்ல முடியாது. அந்தச் சீமையில் அந்தக் கோபம் இல்லாத இளைஞர் யார்? ஆனால் அவர் கைப்பட எழுதி வைத்த காரணம் அது அல்ல.

இருப்பது இதுதான். ஆங்கிலேயர்கள் நாட்டைப் பிடுங்கியதோடு சனாதன தர்மத்தையும் மிதிக்கிறார்கள் என்கிறார். மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சரான ஐந்தாம் ஜார்ஜுக்கு இந்த நாட்டில் முடிசூட்டப் பார்க்கிறார்கள் என்று கொதிக்கிறார். அரசர் இங்கே கால் வைத்ததும் அவரைக் கொல்ல 3,000 மதராசிகள் சபதம் எடுத்திருப்பதாகவும், அதை அறிவிக்கவே அவர்களில் கடைசி ஆளான தான் இதைச் செய்ததாகவும் எழுதுகிறார். ஊர்ப் பெயரோடு, சாதிப் பட்டத்தோடு கையெழுத்து. லண்டனில் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு அன்றைக்குச் சரியாக ஐந்து நாள்தான் இருந்தது.

அந்த 3,000 பேர்? வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் 14 பேர், அவ்வளவுதான்.

கடிதத்தில் இன்னொரு வரி முக்கியமானது. இந்த நாடு யார் யார் ஆண்ட நாடு என்று அவர் ஒரு பட்டியல் போடுகிறார். இராமன், சிவாஜி, கிருஷ்ணன், குரு கோவிந்தர், அர்ஜுனன். அதாவது வாஞ்சியின் சொந்த சூப்பர் ஹீரோ பட்டியல். அதில் இருக்கும் எல்லோருமே ஆயுதம் எடுத்தவர்கள், அல்லது எடுக்கச் சொன்னவர்கள். கொல்லக் கூடாது என்ற விதி உள்ள நாயகன் ஒருவர்கூட இல்லை.

பட்டியலில் முதல் பெயர் இராமன் என்பதும் கவனிக்க வேண்டியது. நாயகன் செய்த கொலையைப் பற்றித் தமிழில் நடந்த மிகப் பழைய விவாதமே வாலி வதம்தான். மறைந்து நின்று அம்பு விட்டது சரியா? அதுவரை அறத்தின் உருவமாக நின்றவன் இப்படிச் செய்வது அவன் குணத்துக்குப் பொருந்துமா? கம்பன் இதைப் பூசி மெழுகவில்லை. வாலியை நீளமாகக் கேள்வி கேட்க விட்டான். இராமன் பல கேள்விகளுக்குப் பதில் சொல்கிறான். ஆனால் ஏன் மறைந்து நின்றாய் என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது இலக்குவன். அந்த இடத்தைப் பட்டிமன்றக்காரர்கள் இன்றுவரை விட்டபாடில்லை. நாயகனின் குணம் இடறும் இடத்தை மறைக்காமல் காட்டும் துணிச்சல் பழைய காவியத்துக்கு இருந்திருக்கிறது. நமது சுதந்திரப் போராட்டச் சித்திரக் கதைகளுக்கு அது அவ்வளவாக வரவில்லை.

இரண்டு வாஞ்சிகள், இரண்டு ஆஷ்கள்

மேடைப் பேச்சிலும் சினிமாவிலும் வரும் வாஞ்சி ஒருவர். 1961-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் ஆஷ் கொலை வ.உ.சி. கதையின் ஒரு பகுதியாக வருகிறது. பார்த்தவர்கள் மனதில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பல வருடம் கழித்து, 2001-ல் விஜயகாந்த் நடித்து வாஞ்சிநாதன் என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. அதில் அவர் போலீஸ் அதிகாரி. அரசாங்கத்தின் பிரதிநிதியைச் சுட்டவரின் பெயர், அரசாங்கத் துப்பாக்கியோடு கெட்டவர்களை வேட்டையாடும் நாயகனுக்கு! பெயரில் மிச்சம் இருந்தது கோபமும் துப்பாக்கியும் மட்டும்தான்.

இன்னொரு பக்கம், வாஞ்சியை சாதி வெறியராக மட்டுமே பார்க்கும் வாதம். தர்மம், மிலேச்சர், மாட்டிறைச்சி என்ற சொற்கள் கடிதத்தில் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஆஷைப் பற்றிய வாய்மொழிக் கதைகளும் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. பிரசவ வலியில் துடித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணை அக்ரகாரம் வழியாக வண்டியில் அழைத்துப் போனார் என்று ஒன்று. குற்றாலம் பேரருவியில் எல்லாச் சாதியினரும் குளிக்க வழி செய்தார், அதனால்தான் கொன்றார்கள் என்று இன்னொன்று. ஒவ்வொரு ஜூன் 17-க்கும் இவை மறுபடி பகிரப்படும்.

வாஞ்சியின் கடிதத்தில் அக்ரகாரச் சம்பவமும் இல்லை, அருவியும் இல்லை. வ.உ.சி.க்குப் பழி என்பது எப்படிக் கடிதத்துக்கு வெளியே இருந்து வருகிறதோ, அதே போலத்தான் இதுவும். இந்தக் கதைகள் ஏன் பிடித்துக்கொள்கின்றன என்பது புரியாத விஷயம் இல்லை. அருவித் தண்ணீரிலும் தெருவிலும் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பது இந்தப் பகுதியில் உண்மையாகவே ரத்தம் சிந்திய கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு நாயகன் தேவைப்படுகிறான், கலெக்டரை அந்த இடத்தில் வைக்கிறார்கள். ஆனால் அதற்காக 1908-ல் தூத்துக்குடியில் இருந்த ஆஷை அழித்துவிட முடியாது. ஒரே மனிதரை ஒரு கதையில் கொடுங்கோலன், இன்னொரு கதையில் விடிவெள்ளி என்று எழுதினால், இரண்டிலும் பாதி மனிதர்தான் கிடைப்பார்.

வாஞ்சிக்கும் இதே நியாயம்தான். சாதி உணர்வும் நாட்டுப் பற்றும் ஒரே ஆளுக்குள், ஒரே கடிதத்துக்குள் இருந்தன. தூய தேசபக்தர் என்று எழுத வேண்டும் என்றால் கடிதத்தின் பாதியைக் கிழிக்க வேண்டும். வெறும் சாதியவாதி என்று எழுத வேண்டும் என்றால் மறுபாதியைக் கிழிக்க வேண்டும். குணச் சித்திரிப்பு முரண் இல்லாமல் வர வேண்டும் என்று அடம்பிடித்தால் உண்மை ஆட்கள் தாங்க மாட்டார்கள்.

அன்றைக்கே வேண்டாம் என்று சொன்னவர்கள்

இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய ஆளை அளக்கலாமா என்று கேட்பது வழக்கம். ஆனால் கொலை சரியா என்ற கேள்வி இன்றைக்குப் பிறந்தது இல்லை. 1909 ஜூலையில் லண்டனில் மதன்லால் திங்ரா, கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றபோதே அது சூடாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கப்பலில் போகும்போது காந்தி எழுதிய இந்திய சுயராஜ்யம் நூலில் திங்ராவைப் பற்றிப் பேசுகிறார். திங்ராவின் நாட்டுப் பற்றை அவர் மறுக்கவில்லை. வழிதான் தப்பு என்கிறார். கொலை செய்து ஆட்சியைப் பிடிப்பவர்களால் நாட்டுக்கு நல்லது நடக்காது என்பது அவர் வாதம். வாஞ்சி துப்பாக்கி பழகுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே எழுதப்பட்ட வாதம் இது.

நடைமுறையில் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். அரசர் ஜார்ஜ் அந்த டிசம்பரில் டெல்லிக்கு வந்தார், தர்பார் நடத்தினார், திரும்பிப் போனார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. தர்மராஜ ஐயர், வேங்கடேஸ்வர ஐயர் என்ற இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள். புதுச்சேரியில் பாரதி உள்ளிட்டோரைச் சுற்றி உளவாளிகள் பெருகினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1912-ல் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குத் தண்டனை. சம்பவம் நடந்தபோது மணியாச்சியிலேயே இல்லாத நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு. அதன் பிறகு தென் மாவட்டங்களில் அந்த வழி தொடரவில்லை.

அதற்காக அது வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு கலெக்டரையே சுட முடியும் என்ற செய்தி, எதிர்த்துப் பேசவே பயந்துகொண்டிருந்த ஊர்களுக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்பதை இன்று சோபாவில் உட்கார்ந்து யோசிப்பது கடினம். வாஞ்சியை அந்த மக்கள் கொண்டாடியது கடிதத்தைப் படித்துவிட்டு அல்ல.

துப்பாக்கி சொல்லிக் கொடுத்தவர்

இந்தக் கதையில் குணம் மாறிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் அது வ.வே.சு.ஐயர். காந்தியோடு ஏற்பட்ட பழக்கத்துக்குப் பிறகு அவர் ஆயுத வழியை விட்டார். 1920-களில் பெல்லாரி சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வெளியே வந்து சேரன்மாதேவியில் தேசிய குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924–25-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய சண்டையாக வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்தவரால் பந்தியைப் பிரிக்காமல் இருக்க முடியவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்த அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை.

நீலகண்ட பிரம்மச்சாரி சிறையிலிருந்து வந்து, பிற்பாடு துறவியாகி, கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் ஓம்கார் சுவாமி என்ற பெயரில் 1978 வரை வாழ்ந்தார். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது, தூத்துக்குடியில் அவருக்கு ஒரு நினைவு மண்டபமும் உண்டு. செங்கோட்டையில் வாஞ்சிக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். மணியாச்சி ஜங்ஷனுக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போகிற ரயில்கள் இன்றும் அங்கேதான் பிரிகின்றன.